செவலைக்குக் கட்டிய தகடு

1. பெரட்டுக் களத்தில்

மலாயாவில் பாலோ ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. தோட்டத்து மாட்டுவண்டியில் ஏறி, மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் மரத்தூளில் புதைத்த ஐஸ். ஐஸுக்கு நடுவே வெறிநோய்த் தடுப்பு மருந்துக் குப்பிகள். வண்டி ரப்பர் மரங்களுக்கிடையே போனது. மூடுபனியில் மரங்களின் அடிப்பாகம் தெரியவில்லை. காடு முழுவதும் அந்தரத்தில் நிற்பது போலிருந்தது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. என் உத்தியோகத்தில் எனக்குப் பிடித்த நேரம் இதுதான். நாய்கள் கடிக்க ஆரம்பிப்பதற்கு முந்திய நேரம்.

நான் அப்போது ஜொகூரில் கால்நடை டிரஸ்ஸர், அதாவது கால்நடை டாக்டருக்குக் கீழே ஊசி மருந்து போடுகிறவன். மாடு, குதிரை, நாய் எதுவானாலும் போவேன். ஆனால் தோட்டங்களில் எனக்குப் பெயர் 'நாய் டாக்டர்' என்பதுதான். முதலில் கோபம் வந்தது. பிறகு, கூப்பிடுகிற வாயை அடைக்க முடியுமா என்று விட்டுவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்தில் வெறிநாய் கடித்து ஒருவர் செத்துப்போயிருந்தார். அதனால் உத்தரவு வந்தது. சுற்றுவட்டாரத்து நாய்களுக்கெல்லாம் ஊசி போட வேண்டும். ஊசி போட்ட நாயின் கழுத்தில் தகரத் தகடு தொங்க வேண்டும். அடுத்த வாரம் போலீஸ்காரர் துப்பாக்கியோடு வருவார். தகடு இல்லாத நாயைச் சுட்டுவிடுவார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டேன். பனிக்குள்ளிருந்து பெண்கள் நாய்களோடு வந்தார்கள். முதலில் குரல் கேட்கும், பிறகு நாயின் மூக்கு தெரியும், கடைசியில்தான் ஆள். தலைத்துண்டைக் கிழித்து நாய்க்கு வாய்க்கட்டுப் போட்டு, விலாவில் கொஞ்சம் முடியைக் கத்தரித்து, தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி ஏற்றுவேன். ஒருத்தி பூனையைக் கொண்டுவந்தாள். "இதுக்கும் ஒண்ணு போடுங்கய்யா, போற போக்குல" என்றாள். பூனைக்கும் போட்டேன். அது என் மணிக்கட்டில் கோடு போட்டது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலை என்பவள் செவலை நிற நாயொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் பெயரும் செவலைதான். புருஷன் இல்லாதவள். இருட்டோடு இருட்டாக மர வரிசைக்குள் தனியாகப் பால் வெட்டப் போகிறவள். "பன்னி, புலி எது வந்தாலும் இதுதாங்க முன்னாடி நிக்கும். இது இல்லேன்னா நான் வேலைக்குப் போவ முடியாது" என்றாள். ஊசி ஏறும்போது நாயின் கண்ணைப் பொத்திக்கொண்டாள். தகட்டைக் கட்டியதும் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது கழுத்துல கெடந்தா நோவு வராதுங்களாய்யா?"

"வராதும்மா" என்றேன். வரிசை நீளமாக இருந்தது. மருந்து உடம்புக்குள் இருக்கிறது, தகடு வெறும் அடையாளம் என்று விளக்க எனக்குத் தோன்றவில்லை.

2. துப்பாக்கி வந்த காலை

அடுத்த வாரம் போலீஸ்காரரோடு நானும் போனேன். மலாய்க்காரர், சாதுவான மனிதர். அன்றும் அதே பனி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நாய்கள் சுருண்டு கிடந்தன. ஒரு நாயின் கழுத்திலும் தகடு இல்லை. என்ன ஆயிற்று, ஒரு வாரத்தில் எல்லாம் எப்படிக் கழன்றது?

அப்போது லயத்துக் குழந்தைகள் எழுந்து வந்தார்கள். ஒவ்வொரு குழந்தையின் இடுப்பிலும் கறுப்புக் கயிறு, கயிற்றில் என் தகரத் தகடு. நடக்கும்போது கிணுகிணுவென்று சத்தம். பனிக்குள் மணி கட்டிய ஆடு மேய்வது போல அந்தச் சத்தம் மட்டும் நகர்ந்தது. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? அழகும் பயமும் ஒன்றாகச் சேர்ந்து என்னை அசையவிடாமல் நிறுத்தின.

போலீஸ்காரர் துப்பாக்கியைச் செவலையின் பக்கம் திருப்பினார். நான் குறுக்கே போய் நாயின் விலாவைக் காட்டினேன். "இதோ பாருங்கள், முடி கத்தரித்த இடம். நானே ஊசி போட்ட நாய்" என்று மலாயில் கெஞ்சினேன்.

"கெசியான்" என்றார். பாவம்தான் என்று அர்த்தம். ஆனால் தலையை ஆட்டினார். "முடியைப் பார்க்க எனக்கு உத்தரவில்லை. தகட்டைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்."

அஞ்சலை ஓடிவந்தாள். இடுப்பில் அவள் மகள், இரண்டு வயதிருக்கும். குழந்தையின் இடுப்பிலும் தகடு.

"அஞ்சலை, அதக் கழட்டி நாய்க்குக் கட்டு. சீக்கிரம்மா."

"முடியாதுங்கய்யா. இதுக்கு முன்னாடி பொறந்த ரெண்டையும் காய்ச்சல்ல வாரிக் குடுத்துட்டேன். இதக் கட்டுனதுலேருந்து இவளுக்குக் காய்ச்சல் இல்ல."

"காய்ச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. வெறும் தகரம்."

"அப்ப நாய்க்கு எதுக்குக் கட்டுனீங்க?"

போலீஸ்காரர் காத்திருந்தார். செவலை அவர் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அஞ்சலை நாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, குழந்தையின் இடுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். தகட்டை நாயின் கழுத்தில் கட்டினாள். மற்றத் தாய்மாரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். கிணுகிணுப்பு குழந்தைகளை விட்டு நாய்களிடம் போனது. அன்று ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

அஞ்சலை எழுந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. வழி கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

"நாய் சாகக் கூடாதுன்னு அரசாங்கத்துல ஒங்கள அனுப்பியிருக்காங்க. எம்புள்ளைக்கு யாரு வருவாங்கய்யா?"

எனக்கு அழுகை வந்தது. பெட்டியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அன்றே பங்களாவுக்குப் போய், தோட்டத்தை நடத்தும் துரையிடம் லயத்துக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். நாய் வேலை நன்றாக முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். சந்தோஷம், போய் வா என்றார்.

3. இளையவர்களுக்கு

அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போவதானாலும் தகடு கூடுதலாகக் கேட்டு வாங்குவேன். மேலதிகாரி ஒருமுறை மடக்கினார். "ஏன்யா, ஒரு தோட்டத்துல இத்தனை நாயா?" "ஆமாங்க, லயம் பெருசுங்க" என்றேன். நாய்க்கு ஒன்று, கேட்கிற தாய்க்கு ஒன்று. இது தகரம்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ என்றும் சொல்வேன். தலையாட்டிவிட்டு வாங்கிக் கட்டுவார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஊசி பிடிக்க யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுப்பார்கள். நான் சொல்வது வேறு. மருந்துப் பெட்டியோடு ஒரு வாசலில் போய் நின்றால், அந்த வீட்டில் யாருக்கெல்லாம் மருந்து இல்லையோ அவர்களைப் பற்றியும் வீட்டார் கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலோடு போங்கள். என்னிடம் ஓய்வுபெறும் வரை தகரம்தான் இருந்தது.