அடுப்பில் வைத்த நூலகப் புத்தகம்

பிள்ளைகளே, உங்கள் வாசிப்பு வட்டத்தின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒவ்வொரு பெற்றாரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று நூலக மிஸ் கேட்டார். மற்றவர்கள் தாங்கள் சின்ன வயதில் வாசித்த நல்ல புத்தகங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுத ஒன்றும் இல்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் பெயின்டும் விற்கிறவன். ஒரு புத்தகத்துக்காக என் மகளை அடித்தேன். அந்தப் புத்தகத்தை எரித்தேன். அதைத்தான் என்னால் எழுத முடியும். உங்களில் பலர் அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்தீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது கடைசிப் பகுதியை மட்டும்.

வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுவரையான பிள்ளைகள் வெள்ளவத்தையில் எங்கள் நூலகத்தில் கூடுவார்கள். ஒருவர் எழும்பி, தான் வாசித்த புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதை மற்றவர்கள் ஏன் வாசிக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேசுவார். பேசி முடிந்ததும் யார் முதலில் கையை உயர்த்துகிறாரோ அவரிடம் அந்த இடத்திலேயே புத்தகம் போய்விடும். கையில் புத்தகம் இல்லாமல் யாரும் பேச முடியாது. அதுதான் சட்டம்.

என் மகளுக்குப் பதினாறு வயது. எட்டு மாதம் அங்கே போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தாள், ஒருநாளும் பேசவில்லை. அந்த மாதம்தான் முதன்முதலாகப் பெயர் கொடுத்திருந்தாள். ஒரு கிழமையாக அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்க்கிறாள் என்று மனைவி சொன்னாள். நான் என்ன புத்தகம் என்றுகூடக் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவது, வாசலில் நின்று போனைப் பார்ப்பது, திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது. என்னுடைய பங்கு அவ்வளவுதான்.

அதற்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம் கடையிலிருந்து வந்தபோது எங்கள் பிளாட் வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். செக்குரிட்டிக்காரர் என்னைக் கண்டதும், வீட்டுக்கு வீடு போய் விசாரிக்கப் போகிறார்களாம், அடையாள அட்டையை எடுத்து வையுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கம். மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறினேன்.

ஏன் ஓடினேன் என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இருபது வயதில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு களஞ்சியத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. அந்த யுத்த நாட்களில் பொலிஸ் சுற்றிவளைப்பு என்று சத்தம் கேட்டால் லொட்ஜில் எல்லாரும் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். பிஸ்கட் தகரத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, தமிழில் எழுதிய கடிதம், படம், கொப்பி எல்லாவற்றையும் அதில் போட்டு எரிப்பது. அம்மாவின் கடிதங்களைக்கூட அப்படித்தான் எரித்தேன். ஒரேயொரு தடவை ஒரு புத்தகத்தை எரிக்காமல் விட்டேன். நடைபாதையில் வாங்கிய துப்பறியும் கதை. அட்டையில் ஒருவன் சுடுவதற்குத் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தது, அதனால் தலையணைக்குள் வைத்தேன்.

சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. துவக்கு தெரிந்தது, என்னைப் புலி என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ஒரு அறையில் வைத்து அடித்தார்கள். அந்தப் புத்தகத்தைச் சுருட்டி அதாலேயே முகத்தில் அடித்தார்கள். பிறகு கையால், பிறகு குழாயால். இரண்டு பல் போனது. இடது காது இன்றைக்கும் கேட்காது. நாலாம் நாள், ஆள் மாறிப் பிடித்துவிட்டோம் என்று சொல்லி வெளியே விட்டார்கள். அந்தக் கதையில் கொலைகாரன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை.

இதையெல்லாம் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. சைக்கிளில் விழுந்து காது போனது என்றுதான் சொல்லியிருந்தேன்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். கதவைத் திறந்து உள்ளே போனேன். சாப்பாட்டு மேசையில் புத்தகம் கிடந்தது. அட்டையில் எரிந்த பஸ். அதற்குப் பக்கத்தில் துவக்கோடு ஒரு உருவம். முன்னால் இருந்த மகள் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“அதை இஞ்ச தா, பிள்ளை.”

“ஏனப்பா? லைப்ரரிப் புத்தகம்.”

நான் இழுத்தேன். அவள் விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அறைந்தேன். இந்த இடத்தில் நான் முதலில் “ஒரு அறை அறைந்தேன்” என்று எழுதியிருந்தேன். மகள் வாசித்துப் பார்த்துவிட்டுப் பென்சிலால் வெட்டி “மூன்று” என்று எழுதித் தந்தாள். மூன்றுதான். மூன்றாவதில் அவள் கதிரையோடு சரிந்து அலுமாரி மூலையில் தலையை மோதினாள். புத்தகம் கையிலிருந்து நழுவியது.

குசினியில் மனைவி சோறு வைத்திருந்தாள். பானையை இறக்கிவிட்டு, காஸ் அடுப்பைக் கூட்டி, புத்தகத்தை விரித்து நெருப்பின்மேல் வைத்தேன். மனைவி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். அவளையும் தள்ளினேன், அவள் பாத்திரங்களோடு போய் விழுந்தாள். நூலகத்தில் புத்தகத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை உங்களுக்குத் தெரியும். அது சுருண்டு உருகத் தொடங்கியது. அப்போது மகள் ஓடிவந்து நெருப்புக்குள் கையை விட்டாள். புத்தகத்தை வெளியே இழுத்து நிலத்தில் போட்டு, வெறுங்காலால் மிதித்து அணைத்தாள். உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையில் ஒட்டிவிட்டது. உதறினாள், போகவில்லை. அவள் கத்தவேயில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

நான்தான் போய்த் திறந்தேன். கீழ்த்தளத்தில் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் களவு போயிருக்கிறது, யாரையாவது புது ஆட்களைக் கண்டீர்களா என்று பொலிஸ்காரர் கேட்டார். இளம் வயது, மரியாதையான பிள்ளை. இல்லை என்றேன். மூக்கைச் சுருக்கி, என்ன எரிகிறது என்று கேட்டார். சோறு அடிப்பிடித்துவிட்டது என்று சொன்னேன். காஸை நிற்பாட்டச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மனைவி மகளின் கையைத் தண்ணீர்க் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“வந்த பொலிஸ் ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. நீங்கள்தான் அடிச்சனீங்கள்.”

டிஸ்பென்சரியில் டொக்டர் தோலோடு சேர்த்துத்தான் பிளாஸ்டிக்கை உரித்தெடுத்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுதல் மகள், சுடுதண்ணி ஊத்துப்பட்டது என்றாள். டொக்டர் அவளுடைய கன்னத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் எழுதாமல் கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யை என் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்தநாள் காலை நான் வேலைக்குப் போகவில்லை. லொட்ஜில் நடந்ததை முதல்தடவையாக இருவருக்கும் சொன்னேன். காதை, பல்லை, மூன்று நாளை, எல்லாவற்றையும். சொன்னால் மகளுக்கு விளங்கும், கோபம் தணியும் என்று உள்ளுக்குள் நினைத்தேன் போலிருக்கிறது. அவள் முழுவதையும் கேட்டாள். மனைவி அழுதாள், மகள் அழவில்லை.

“அவையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது,” என்றாள். “உங்களுக்குத் தெரியும்தானே, அப்பா.”

நாளைக்குப் போகமாட்டேன், பெயரை வெட்டச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

பெயரை வெட்டச் சொல்லத்தான் நான் நூலகத்துக்குப் போனேன். மிஸ்ஸிடம் புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன், எரித்துவிட்டேன் என்று வாய் சொன்னது. அவர் என்னை ஏசவில்லை. புதுப் பிரதி வாங்கித் தர வேண்டும், அது பிறகு பார்ப்போம் என்றார். பிறகு எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். முன்பாதி போய்விட்டது, பின்பக்கங்கள் ஓரம் கருகியபடி கிடக்கின்றன என்றேன்.

“மிச்சம் இருக்கிறதைக் கொண்டு வரச் சொல்லுங்கோ. கையில புத்தகம் இருக்க வேணும் எண்டுதான் சட்டம். முழுசா இருக்க வேணும் எண்டு இல்லை.”

வீட்டுக்கு வந்து கதவுக்கு வெளியே நின்று மகளுக்கு இதைச் சொன்னேன். பிறகு உள்ளிருந்தே கேட்டாள், “நீங்கள் உள்ளுக்கு வந்து இருப்பியளோ?” ஓம் என்றேன். “வாசலில நிக்கக்கூடாது.” நிற்கமாட்டேன் என்றேன்.

சனிக்கிழமை அவள் என் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. தாயோடு நடந்து வந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

இனி நடந்தது உங்களுக்குத் தெரியும். சொப்பிங் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கட்டுப் போட்ட கையால் தூக்கிப் பிடித்தாள். கரி அவளுடைய வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு தம்பி, “அக்கா, பொரிச்சுப்போட்டோ வாசிச்சனீங்கள்?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தீர்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அந்தத் தம்பியில் பிழை இல்லை, அவனுக்கு என்ன தெரியும்.

பிறகு வேறொரு பிள்ளை யார் இதை எரித்தது என்று கேட்டது. மகள் பதில் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவுமில்லை. அவள் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. டொக்டரிடம் சொன்ன மாதிரி இங்கேயும் ஒரு பொய் சொல்லவேண்டி வரும் அவளுக்கு. நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நான்தான் என்று சொல்ல, பள்ளிப் பிள்ளைபோல இருந்த இடத்தில் கையை உயர்த்தினேன்.

அவள் குனிந்தாள். முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, தோளைச் சுருக்கி, சுவரோடு ஒட்டினாள். எங்களுக்கிடையில் ஐந்து வரிசை கதிரைகள் இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் யார் என்று திரும்பவும் கேட்கவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முப்பது பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். மூன்று நாள் அறையில்கூட நான் அப்படி வெட்கப்படவில்லை. அங்கே நான் செய்த குற்றம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

மகள் மெதுவாக நிமிர்ந்தாள். மிஸ் இருக்கச் சொல்லிக் கதிரையை நகர்த்தினார். அவள் இருக்கவில்லை. புத்தகத்தைத் திரும்பவும் தூக்கிப் பிடித்தாள்.

“இது ஒரு பிள்ளை தன்ர தம்பியைத் தேடி நடக்கிற கதை,” என்றாள். “முதல் அறுபத்தினாலு பக்கம் இதில இல்லை. அதை நான் சொல்லுறன். மிச்சத்தை நீங்கள் வாசியுங்கோ.”

எரிந்த பஸ்ஸிலிருந்து தொடங்கினாள். அட்டையில் துவக்கோடு நின்றது வேறு யாருமில்லை, அந்தத் தம்பிதான், அவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அவனுக்குப் பதின்மூன்று வயது என்றாள். ஐந்து நிமிடம் முடிந்தும் மிஸ் மணியை அடிக்கவில்லை. குரல் நடுங்கிய இடங்களில் நின்று நின்று சொன்னாள். வேறு யாராவது கையை அசைத்தாலும் அவளுடைய கண் அங்கே ஓடித் திரும்பியது. நான் என் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் இருந்துகொண்டேன். அவள் அறுபத்தினாலாம் பக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை எடுக்கவில்லை.