இடுப்பளவு மரமும் இரண்டு ஷில்லிங் பங்கும்

பங்குத் தரகர் ஆபீசில் கிராணி வேலை என்பது, அடுத்தவர் பணக்காரர் ஆவதை அழகான கையெழுத்தில் எழுதி வைக்கும் வேலை. எழுதிக்கொண்டே இருப்பவனுக்கும் ஒருநாள் ஆசை வந்துதானே தீரும்? ரப்பர் விலை ஏறிய அந்த வருடங்களில், நீங்களும் ஒரு பங்குப் பத்திரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரண்டிருந்தால் நாம் சொந்தக்காரர்கள். வெட்கப்படாமல் மேலே படியுங்கள்.

பலாப்பழக் கணக்கு

ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு வெள்ளைக்காரத் தரகரிடம் நான் இரண்டாம் கிராணி. மனைவி கமலம் நாகப்பட்டினத்தில் இருந்தாள். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது கப்பலேறியவன் நான். இருவரையும் அழைத்து வரக் கப்பல் கட்டணத்துக்கும், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சிறு வீட்டுக்கு முன்பணத்துக்கும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தேன். இன்னும் எட்டு மாதம் சேர்த்தால் போதும். ஆனால் ஆபீசுக்கு வருகிறவர்கள் எட்டே நாளில் பணத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு போவதைப் பார்த்தவனுக்கு எட்டு மாதம் எப்படிப் பொறுக்கும்?

ரப்பர் கம்பெனிகளில் ஒரு பவுன் விலைப் பங்கும் இருந்தது, அதில் பத்தில் ஒரு பாகமான இரண்டு ஷில்லிங் பங்கும் இருந்தது. நான் இரண்டு ஷில்லிங் பங்கையே வாங்கினேன். சேமிப்பு முழுவதையும் கொட்டிக் கை நிறையப் பங்குகள். மலிவாக வாங்கிவிட்டேன் என்று பெருமையாக எங்கள் பெரிய கிராணி கந்தையாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுகிறவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பலாப்பழத்தைப் பத்தாய் வெட்டினாலும் நூறாய் வெட்டினாலும் பழம் ஒண்டுதான், தம்பி. துண்டை எண்ணிச் சந்தோசப்படாதையும்."

நட்டத்தை விசாரித்தவர்

கிட்டங்கித் தெருவில் துணிக்கடை வைத்திருந்த மைதீன் மரைக்காயர் பங்கு வாங்க வந்தார். வந்தவர்கள் எல்லோரும் லாபம் எவ்வளவு வரும் என்றுதான் கேட்பார்கள். இவர் நட்டம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். வாடிக்கையாளர் பயந்து ஓடிவிடக் கூடாது என்பது துரையின் கட்டளை. அதனால் நட்டம் வர வாய்ப்பே இல்லை, போட்ட பணம் பத்திரமாக இருக்கும், வருடா வருடம் தவறாமல் கைக்கு வரும் என்று அடித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அப்படித் தவறாமல் வருவது வட்டியல்லவா, அது தமக்கு மார்க்கப்படி ஆகாது என்றார்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். கம்பெனி நொடித்தால் போட்டதும் போகும் என்றேன். அவர் நிம்மதியாக மறுபடி உட்கார்ந்தார். "நட்டம் வந்தா அதுலயும் எனக்குப் பங்கு உண்டுல்ல? அப்ப இது வட்டி இல்ல, யாவாரம்தான். எழுதுங்க."

எந்த மரம் என்னுடையது?

தேக்காவில் மாட்டுக்கொட்டகை வைத்துப் பால் விற்ற செல்லம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் வாங்கிய அதே ரப்பர் கம்பெனியில் அவளும் கொஞ்சம் வாங்கினாள். கம்பெனி அச்சடித்த அறிக்கையை நான்தான் அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். முதல் பக்கத்தில் வானத்தைத் தொடுகிற ரப்பர் மரத்தின் படம். பத்திரம் கைக்கு வந்ததும், கம்பெனியின் ஜோகூர்த் தோட்டத்தில் தன்னுடைய மரங்கள் எவை, அவற்றில் அடையாளம் போட்டிருக்கிறார்களா என்று விசாரித்தாள். அப்படித் தனித்தனியாகக் கிடையாது என்று நானும் கந்தையாவும் மாறி மாறி விளக்கினோம். மாடு வாங்குகிறவள் மாட்டைப் பார்க்காமல் பணம் கொடுப்பாளா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அடுத்த வாரமே ரயிலேறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கி, படகில் ஜோகூருக்குப் போய்விட்டாள். தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் நம் ஆட்கள். துரைமார்கள் தந்தியடித்தும் தெரிந்துகொள்ள முடியாததை, அவள் அங்கே ஒரு குவளை கஞ்சி குடித்து முடிப்பதற்குள் தெரிந்துகொண்டாள். நேரே எங்கள் ஆபீசுக்கு வந்து மேஜைமேல் பத்திரத்தை வைத்து, படத்தில் இருக்கிற மரம் அங்கே ஒன்றுகூட இல்லை என்றாள். நான் அறிக்கையை அவசரமாகப் புரட்டினேன். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், இது வேறொரு தோட்டத்து மரம் என்று இருந்தது. அதை நான் அவளுக்கும் படிக்கவில்லை, எனக்கும் படித்துக்கொள்ளவில்லை. செல்லம்மா கையை இடுப்பில் வைத்துக் காட்டினாள். "மரம் என் இடுப்பு அளவுகூட இல்ல, கிராணியாரே. பால் கறக்க இன்னும் அஞ்சு வருசம் ஆகுமாம். நாம வாங்குனது மாடு இல்ல, கன்னுக்குட்டி."

திங்கள் முதல் வெள்ளி வரை

அன்றே நான் விற்றிருக்கலாம். விலை நல்ல உச்சத்தில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் பட்டறை மேஸ்திரி ஒருவர் வந்து அதே கம்பெனிப் பங்கைக் கேட்டார். துரை கண்ணில் படாமல் ஓரமாக அழைத்துப்போய், மரம் இடுப்பளவுதான் என்று எச்சரித்தேன். புண்ணியம் சேர்த்துவிட்ட திருப்தி எனக்கு. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "திங்கக்கிழமை வாங்கி வெள்ளிக்கிழமை விக்கிறவன் நான். அந்த அஞ்சு நாள்ல மரம் எவ்வளவு வளந்தா எனக்கென்னங்க?"

சொன்னபடியே வெள்ளிக்கிழமை விற்று, லாபத்தில் தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். புத்தி சொன்ன நானோ புத்தி கெட்டுப்போனேன். இன்னும் ஏறும் என்று விற்காமல் வைத்துக்கொண்டு, தீபாவளிக்குள் வரவழைத்துவிடுகிறேன், மூட்டை கட்டத் தொடங்கு என்று கமலத்துக்குக் கடிதமும் போட்டுவிட்டேன். கந்தையா தபால் பெட்டி வரை கூடவே நடந்து வந்தார். "கப்பலே வெளிக்கிடேல்லை, நீர் இப்பவே துறைமுகத்தில போய் நிக்கிறீர்."

விலை இறங்கிய வாரம்

விலை ஏறும்போது படிப்படியாக ஏறியது. இறங்கும்போது படியே இல்லை. இரண்டே வாரத்தில், நான் போட்டதில் கால்வாசி கூடத் தேறாது என்று ஆகிவிட்டது. மூட்டை கட்டி வைத்திருப்பவளிடம் எந்த வாயால் சொல்வது? மூன்று முறை கடிதம் தொடங்கி மூன்றையும் கிழித்தேன்.

செல்லம்மா மட்டும் வழக்கம்போல் பால் சொம்போடு நடமாடிக்கொண்டிருந்தாள். உனக்குக் கவலையே இல்லையா என்று எரிச்சலாகவே கேட்டேன். கறவை நின்றுபோன கிழட்டு மாட்டை விற்ற காசைத்தான் போட்டாளாம். அது வந்தாலும் சரி, வரத் தாமதமானாலும் சரி. நான் எந்தப் பணத்தைப் போட்டேன் என்று கேட்டாள். கப்பல் கட்டணம் என்றேன். அவளுக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது. "கறவை மாட்டை வித்தா கன்னுக்குட்டி வாங்குவாங்க, கிராணியாரே?"

பொடி எழுத்து உத்தியோகம்

நாலாவது கடிதத்தில் நடந்ததை அப்படியே எழுதிவிட்டேன். கமலத்திடமிருந்து ஒன்றரை மாதம் பதில் இல்லை. பிறகு அண்டை வீட்டார் கையெழுத்தில் ஒரு வரி வந்தது: மூட்டையைப் பிரிக்கவில்லை, வழி செய்யவும். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை.

வழியைச் செல்லம்மாதான் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கொட்டகை வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். பங்கு வாங்க நினைப்பவர்கள் அறிக்கையோடு வருவார்கள். நான் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பொடி எழுத்தை மட்டும் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். மரத்தின் வயது என்ன, நட்டது எத்தனை ஏக்கர், நடப்போகிறோம் என்று சொல்வது எத்தனை ஏக்கர். கேட்டவர்களில் பாதிப் பேர் வாங்காமலே நன்றி சொல்லி, கையில் சில்லறை வைத்துவிட்டுப் போனார்கள். மரைக்காயர்கூட ஒருமுறை வந்து முழு அறிக்கையையும் கேட்டார். இது கந்தையா காதுக்கும் எட்டியது. "துரை வாங்கச் சொல்லிக் காசு உழைக்கிறார், நீர் வாங்காதே எண்டு சொல்லி உழைக்கிறீர். நல்ல ஆபீஸ்தான் எங்கட ஆபீஸ்."

கமலம் பார்த்த தோட்டம்

அந்தச் சில்லறையும் சம்பள மிச்சமும் சேர்ந்து, அடுத்த வருடம் கமலமும் மகளும் கப்பலில் வந்து இறங்கினார்கள். மகள் நாலு வயதுப் பெண்ணாக நின்றாள். என்னைக் கண்டதும் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிரிக்காமல் வைத்திருந்த அந்த மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பங்குகளை நான் விற்கவில்லை. கமலம் வந்த மறு மாதம், பணம் போன இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். மூவரும் ஜோகூர் போனோம். மரங்கள் இப்போது இரண்டு ஆள் உயரம் இருந்தன. தண்டு மட்டும் இன்னும் கைப்பிடிக்குள் அடங்கியது. நான் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை வருடம், இடையில் காற்று அடித்தால், பூச்சி விழுந்தால் என்று புலம்பிக்கொண்டே நடந்தேன். மகள் அதற்குள் பயம் தெளிந்து, மரத்துக்கு மரம் ஓடி ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தாள். கமலம் ஓடிவந்தவளைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "இவ நீங்க பாக்காமத்தான் இத்தனை வருசம் வளந்தா. அதுங்களும் வளரும், விடுங்க. இனிமே இவளப் பாருங்க."

பங்கு வாங்க ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டேன், வாங்கிய பிறகு சும்மா இருக்கத்தான் இன்றைக்கும் பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன்.