ஜன்னலில் சாய்ந்த பின்னல்

செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண். எண்ணெய் வைத்துச் சீவிய நீளப் பின்னல். மடியில் ஓரமெல்லாம் துளையிட்ட கம்ப்யூட்டர் தாள். வெளியே ராஜகிரிக் கோட்டை மலை மேல் பனி இன்னும் விலகவில்லை. தாளில் நெடுக ஓடிய ஆங்கில வரியை முணுமுணுத்தபடி, மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நிறுத்தி, பென்சிலால் அடுத்த வரிக்கு இறக்கி எழுதினாள்.

"பாட்டாம்மா இது?" என்றேன்.

"இல்லீங்க, எஸ்.க்யூ.எல். கம்ப்யூட்டருக்குக் குடுக்கற உத்தரவு. செத்துப்போனவங்க பேர பென்ஷன்லேர்ந்து எடுக்கணும்."

"அத இன்னாத்துக்கும்மா மடிச்சி மடிச்சி எழுதறீங்க? ஒரே வரியா இருந்தா அதுக்குப் புரியாதா?"

"அதுக்குப் புரியும். படிக்கிற நமக்குத்தான் பாதியிலயே கண்ணு சொக்கிடுது."

சொல்லிக்கொண்டே எழுதி வந்தவளின் பென்சில் நின்றது.

"அய்யோ, 'செத்தவங்க மட்டும்'னு எங்கயுமே இல்லீங்க! இப்படியே உட்டிருந்தா உசுரோட இருக்கறவங்க பேரும் பூடும்."

விட்டுப்போனதைத் தனி வரியாக எழுதினாள். பிறகு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். பஸ் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் அம்மா பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவள் பெயர் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததோ என்னவோ. மாதா மாதம் தபால்காரர் பென்ஷன் பணத்தோடு வாசலில் நின்று அம்மாவின் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பின்னல் நினைவுக்கு வரும்.