என் மாடும் அண்ணனின் மோட்டார் சைக்கிளும்

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். அவை வருவதற்கு முன்பே எனக்கு அம்மாவிடமிருந்து வந்து சேர்ந்தது சந்தேகம். மீன்காரர் மனமிரங்கி ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டால், அம்மா அந்தக் கூடுதல் மீனின் செவுளைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார்.

ஆகவே, அண்ணன் எனக்குக் கச்சான் கடலை வாங்கி வந்த அன்றே இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது, அவனுக்குப் பதினேழு. அதுவரை அவன் எனக்குத் தந்தவை தலையில் குட்டும் 'சளிமூக்கி' என்ற பெயரும்தான். திடீரென்று ஒரு மாலை, வறுத்த கச்சானைக் காகிதச் சுருளில் கொண்டுவந்து, "தங்கச்சி, இந்தா" என்று நீட்டினான். நான் சுருளைப் பிரித்து அடிவரை பார்த்தேன். கச்சானைத் தவிர ஒன்றும் இல்லை. அதுதான் என்னை இன்னும் யோசிக்க வைத்தது.

அவனுடைய நல்ல குணம் அதோடு நிற்கவில்லை. யாரும் எழுப்பாமல் எழும்பினான். கிணற்றடியில் தொட்டியை நிரப்பினான். எங்கள் மாட்டுப் பட்டி வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்தது. அப்பா அங்கே போகும்போதெல்லாம் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறவன், இப்போது அவருக்கு முன்னே துறையில் போய்த் தோணிக்காகக் காத்து நின்றான். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா மட்டும் அரிசி புடைத்தபடி, "சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்று சுளகுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

குடுமி ஏன் ஆடுகிறது என்பது அவனுடைய சட்டையில் தெரிந்தது. கைமடிப்பில் கறுப்பாக ஒரு பிசுக்கு. அம்மா அதை மூக்கருகே கொண்டுபோனார். "இது தேங்காயெண்ணெயுமில்ல, நல்லெண்ணெயுமில்ல" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். உளவு பார்க்கும் வேலை எனக்கு என்று விளங்கிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவன் பின்னால் போனேன். வாய்க்கால் வேலைகளைப் பார்க்கிற ஓவசியர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவருக்கு இடமாற்றம் வந்திருந்தது. போகுமுன் தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்றுவிட நினைத்தார். அவர் வீட்டுப் பின்வளவில் அண்ணன் குந்தியிருந்து, அம்மா குத்துவிளக்கைத் துடைப்பதுபோல அதன் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு அவன் திடுக்கிட்டிருந்தால் நான் நிம்மதியடைந்திருப்பேன். அவனோ, "வா தங்கச்சி, ஏறி இருந்து பார்" என்றான்.

ஏறினேன். இருக்கை வெயிலில் சுட்டது. இறங்க மனம் வரவில்லை.

"நீ அம்மாட்டக் கேள், தங்கச்சி. நான் கேட்டா விளக்குமாறுதான் வரும். நீ கேட்டா இல்லையெண்டு சொல்லமாட்டா."

"எனக்கென்ன தருவாய்?"

"முன்னால இருத்தி, செங்கலடிச் சந்தி வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டாறன்."

ஓ, கச்சான் இதற்குத்தான் என்று எண்ணிக்கொண்டேன். காரணம் தெரிந்ததும் மனம் ஆறிற்று.

அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஓவசியரின் மோட்டார் சைக்கிள் மிகவும் நல்லதென்றும், அது நம் வீட்டில் நின்றால் நன்றாக இருக்குமென்றும் சொன்னேன். அம்மாவின் கை என் உச்சந்தலையில் நின்றது.

"வாய் உன்ட. கதை ஆர்ட?"

அன்று பொழுதுபட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது கதை வெளியே வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் ஏறிய எவனாவது இரண்டு காலோடு இறங்கியிருக்கிறானா என்று அம்மா கேட்டார். அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. அப்பா அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர். அங்கே அவர் அதிகம் பேசிய சொல் 'ஓம்' என்பதுதான். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, "அவனுக்கெண்டும் ஒண்டு இருக்கட்டுமே, புள்ள. பட்டியில மாடு நாலை வித்தா..." என்று அம்மாவைப் பார்த்து இழுத்தார்.

"ஆர்ட மாடு?" என்றார் அம்மா. "எல்லாத்திலயும் மகள்ட குறியெல்லோ கிடக்கு. அவளைக் கேளுங்க."

நான் பிறந்த வருஷம், கன்று போடாத இளம் பசு ஒன்றுக்கு என் பெயரில் குறி சுட்டிருக்கிறார்கள். அது ஈன்று, அதன் கன்றுகள் ஈன்று, பழைய மாடுகள் ஒவ்வொன்றாகப் போக, பட்டி முழுவதும் என்னுடையதாகிவிட்டது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் அன்றுதான் தெரிந்தது. உடனே ஆறியிருந்த மனம் மறுபடி கிளறிக்கொண்டது. அப்படியானால் இவன் கண் வைத்தது என் வாயில் இல்லை, என் மாட்டில்! பட்டிக்கு ஓடி ஓடிப் போனதும் மாட்டைப் பார்த்து வைக்கத்தானோ?

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். செங்கலடிச் சந்தியையும் நினைத்துப் பார்த்தேன். "விக்கலாம்" என்றேன். அண்ணன் தலை நிமிர்ந்து சிரித்தான். அவன் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. ஆனாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விட என்னால் முடியவில்லை.

"என்ட மாட்டை வித்து வாங்கினா, அது என்ட மோட்டார் சைக்கிள்தானே?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லோ கேள்வி! பொம்புளப் புள்ள எண்டா இப்பிடித்தான் இருக்கணும். ஓம் மகள், உன்டதுதான். அவன் ஓடித் திரியட்டும். பிறகு உனக்கு வாற மாப்பிள்ளை ஓடுவான்."

அப்பா சிரிக்கவில்லை. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எனக்கு வேணாம்" என்றான்.

"என்னடா, அவள்தான் ஓமெண்டுட்டாளே?"

"வேணாமம்மா."

கைக்கெட்டியது வாய்க்கெட்டும் நேரத்தில் தட்டிவிட்டானே என்று எனக்கு அழுகையே வந்தது. பிறகு அழுகை போய்ச் சந்தேகம் வந்தது. இது வேறொரு சூழ்ச்சியின் தொடக்கம் என்றே நம்பி, அவன் போகுமிடமெல்லாம் கண் வைத்தேன். ஓட்டமாவடியிலிருந்து நெல் வியாபாரி ஒருவர் வந்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் வாசலில் நின்று, அதன் சத்தம் அடங்கும்வரை பார்த்துவிட்டு, வீட்டில் நின்ற கறவை மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். சூழ்ச்சி எதுவும் வெளிப்படவில்லை. கச்சான் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் சுருளை அடிவரை பிரித்துப் பார்த்தேன்.

சில வருஷங்களில் வெல்லாவெளியில் அவனுக்குக் கலியாணம் ஆயிற்று. வழக்கப்படி அவன் பெண் வீட்டோடு போய்விட வேண்டும். நான் அப்போதும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். வீடு எனக்கு என்பதை அம்மா அதற்குள் பலமுறை சொல்லியிருந்தார்.

தன் உடுப்புகளை எடுக்க அண்ணன் வந்தான். பழைய தகரப் பெட்டி ஒன்றில் நாலு சட்டையும் சாரமும் மடித்து வைத்து, பெட்டியை முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினான். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார்கள். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"தங்கச்சி, இந்தப் பெட்டியைக் கொண்டுபோகட்டா?"

அவன் முகத்தில் எங்கேயாவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பகிடி விடுகிறான், பழைய கதைக்குப் பழி வாங்குகிறான் என்றே எடுத்துக்கொண்டேன். அவன் உண்மையாகவேதான் கேட்டான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றன்" என்றேன்.

அப்பா மாட்டைப் பார்க்கிறவர்போல வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் 'ஓம்' என்று சொல்லும்வரை அண்ணன் அந்தப் பெட்டியில் கை வைக்கவில்லை.