தயிர் அகப்பை பிடித்த லட்சுமி

அறுபதுகளின் கடைசியில், பொங்கலுக்கு இரண்டொரு நாள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. திருகோணமலையில், அன்புவழிபுரத்தில் நாங்கள் குடியிருந்த காலம். கல்யாணமாகி வந்து எனக்கு அது முதல் பொங்கல். என் கணவர் வேலைக்குச் சீனன்குடாவுக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் என் கணவரின் தாய். நல்ல மனுஷி, ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு சட்டம் வைத்திருப்பார். நகம் வெட்ட ஒரு கிழமை, தலை முழுக ஒரு கிழமை, உப்பு இரவல் கொடுக்க ஒரு நேரம். எனக்கோ வாய் சும்மா இருக்காது. ஆகவே எங்கள் வீட்டில் கலகலப்புக்குக் குறைவில்லை.

அன்றைக்கு வெள்ளை அடிப்பதற்காகச் சுவரில் இருந்த சாமிப்படங்களை இறக்கிக்கொண்டிருந்தேன். கதிரையில் ஏறி நின்று லட்சுமி படத்தில் கை வைத்ததும் ஆணி பெயர்ந்து வந்துவிட்டது. படத்தைக் கீழே விடவில்லை, பிடித்துவிட்டேன். ஆனால் கதிரையின் முதுகில் இடிபட்டுக் கண்ணாடி நட்சத்திரமாக வெடித்துவிட்டது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் திருகோணமலையில் அது இல்லாத வீடு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பட்டினத்துப் புடவைக்கடை ஒன்று ஒரு வருஷம் போட்ட கலண்டர் படம். திகதிகளை வெட்டி எறிந்துவிட்டுச் சனம் லட்சுமியை மட்டும் மரச்சட்டம் போட்டு வைத்துக்கொண்டது. அவ்வளவு அழகு. சிரிப்பு வந்து உதட்டிலேயே நின்றுவிட்டது போல ஒரு முகம். அந்த முகம் யாருடையது என்பதில்தான் ஊருக்குள் ஆயிரம் கதை. சினிமா நடிகை ஒருத்தி என்றார்கள். கடை முதலாளியின் மகள் என்றார்கள். படம் கீறிய ஓவியன் காதலித்த பெண் என்றும், அவன் கைவிட்டுப் போனதும் அவள் கடலில் விழுந்து செத்தாள் என்றும் ஒரு கதை. அதைத்தான் எல்லோரும் ரசித்துச் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் படத்தில் ஒரே ஒரு குறை. லட்சுமி தாமரையைப் பூப் பிடிப்பது மாதிரிப் பிடித்திருக்கவில்லை. விரல்களை மடக்கித் தண்டை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டைச் சரித்து, குசினியில் எதையோ கிண்டப் போகிறவள் மாதிரி நின்றாள். ஒரு நாள் அதை மாமியிடம் சொல்லப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு மாமி ஓடி வந்தார். அவருக்கு இப்போது பெரிய சிக்கல். கண்ணாடி உடைந்த சாமிப்படம் வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை லட்சுமி வீட்டை விட்டுப் போகவும் கூடாது. இரண்டு சட்டமும் முட்டிக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரம் நாடியில் கை வைத்து யோசித்தவர், தீர்ப்புச் சொன்னார்.

"பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில வைச்சிட்டு வா பிள்ளை. பிள்ளையாரிட்டைப் போறது வீட்டால போனதாகாது. சட்டத்தைக் கழட்டிக்கொண்டு வா, உங்கட கல்யாணப் படத்துக்கு அது அளவு."

பழைய துவாயில் படத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மரத்தடியில் வழக்கம் போலப் பழைய சாமிப்படங்கள் சாத்திக் கிடந்தன. எறிய மனம் வராமல் வீடுகளில் இருந்து கொண்டு வந்து வைப்பவை. பொங்கலுக்கு முதல் அந்த இடம் நிரம்பிவிடும். அங்கே ஒரு பெண் குந்தியிருந்து ஒவ்வொரு படமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நனைந்த சேலை. பார்த்த படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே பக்குவமாக வைத்தார்.

என் கையில் இருந்ததைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"பிள்ளை, அது தாமரையோட நிக்கிற லட்சுமியோ?"

"ஓம், அக்கா. கண்ணாடி வெடிச்சுப் போச்சு."

"முகம் பழுது இல்லையோ?"

கேட்ட விதத்தில், மனுஷருடைய முகத்தைப் பற்றித்தான் கேட்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. துவாயை விலக்கிக் காட்டினேன். முகம் எங்கே தெரிந்தது? வருஷக்கணக்காக மாமி கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, மேலே சாம்பிராணிப் புகையும் படிந்து, லட்சுமியின் நெற்றியில் இருந்து நாடி வரை ஒரே அப்பல். வெடிப்பு வேறு.

"நீங்கள் மரத்தடியில வைச்சிட்டுப் போங்கோ. நான் எடுக்கலாமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு மறுக்கக் காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் சட்டம் கழற்ற வேண்டும். ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. அவர் அதில் கை வைக்கவே பயந்தார். கண்ணாடித் துண்டு சரிந்தால் முகத்தைக் கீறிவிடும் என்றார். போன கிழமை இன்னொரு படத்தில் அப்படித்தான் ஆகிவிட்டதாம். குறடு எங்கள் வீட்டில் இருந்தது. "வாங்கோ, பக்கத்திலதான்" என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

மாமி படலையில் நின்றார். போன படம் திரும்பி வருகிறது, கூடவே முன்பின் தெரியாத ஒருத்தியும் வருகிறாள். அவருடைய முகம் போன போக்கை எழுதிக் காட்ட முடியாது.

"இவவுக்கு இந்தப் படம் வேணுமாம், மாமி."

"நல்ல கதை! வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமியை ஆராவது கையால எடுத்துக் குடுப்பினமோ? பொங்கல் வேறை வருகுது."

வந்தவர் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கோபிக்கவில்லை. "ஓம் அம்மா, அது சரிதான். அதாலதான் நான் ஆற்றையும் வீட்டில போய்க் கேக்கிறேல்லை. ஆர் தருவினம்?" என்றார். பிறகு, "அது என்ர மகள்" என்றார்.

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். நான் படலையைத் திறந்தேன்.

விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். அவருடைய ஊர் கடலுக்கு அக்கரையில், மூதூருக்கு அங்கால், வெருகல் போகிற பக்கம். எருமை வைத்திருந்தார்கள். தாயும் மகளும் விடிய லோஞ்சில் கடல் தாண்டி வந்து, அந்தப் புடவைக்கடை வாசலில் இருந்து தயிர் விற்றவர்கள். கடைப் பலகை எழுத வந்த ஓவியர் மகளைக் கண்டிருக்கிறார். லட்சுமி படத்துக்கு அவளைக் கீறலாமா என்று முதலாளி மூலம் தாயிடம் கேட்டிருக்கிறார்.

"கடைப் பின் விறாந்தையில வைச்சுத்தான் கீறினவர். நான் பக்கத்திலயே குந்தியிருந்தனான். தாமரைப் பூக் கிடைக்கேல்லை. கையில என்னத்தையாவது பிடி எண்டார். தயிர் அகப்பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். லட்சுமி அகப்பையோட நிக்கிறா எண்டு நான் சொல்ல, அவளுக்குச் சிரிப்பு. அவர் ஆடாதை எண்டு ஏச, உதட்டை இறுக்கிக்கொண்டு நிண்டவள்."

நான் மாமியைப் பார்த்தேன். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

"மறுகா, அந்த மாரி மழைக்குள்ளயே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர ஏலாது. கடல் அடிச்சுது, லோஞ்சு ஓடேல்லை. என்ர மடியிலதான் போனவள். கலண்டர் அச்சடிச்சு வந்த நேரம் அவள் இல்லை. முதலாளி கூப்பிட்டு எனக்கு ஒண்டு தந்தார். அவளை ஒரு போட்டோ எடுத்ததில்லை நாங்கள். அது ஒண்டுதான்."

அந்த ஒன்றும் இந்த மாரியில் போய்விட்டது. வெள்ளம் வீட்டுக்குள் வந்து வடிந்த பிறகு படத்தைத் தூக்கினால், கூழாகக் கையோடு வந்துவிட்டதாம். கடையில் கேட்டார். அது எப்போதோ முடிந்துபோன கலண்டர். கீறியவர் எந்த ஊருக்குப் போனார் என்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு முதல் சனம் பழைய படங்களைக் கோயில் மரத்தடிகளில் கொண்டு வந்து வைக்கும் என்று யாரோ சொல்ல, தயிர் விற்று முடிந்ததும் ஒவ்வொரு கோயிலாகப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார். இரண்டு மூன்று கிடைத்தன. ஒன்றில் முகத்தைக் கறையான் தின்றிருந்தது. ஒன்று வெயிலில் வெளுத்து ஆளே இல்லை.

"முகம் மறந்து போகுது அம்மா. குரல் இருக்குது, கூப்பிட்டால் கேக்குது. முகத்தை நினைச்சால் இப்ப வருகுதில்லை. நான் பெத்த பிள்ளை."

ஊர் சொன்ன கதைகள் இவருக்குத் தெரியுமா என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவரே சொன்னார். லோஞ்சில் இரண்டு பெண்கள் அவருக்கு முன்னாலேயே இருந்து, அந்தப் பெட்டை கடலில் விழுந்த கதையைக் கதைத்தார்களாம். "நான் தயிர்ச் சட்டியைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருந்திட்டன். என்னெண்டு சொல்லுறது?"

மாமி எழும்பினார். உள்ளே போய்க் குறட்டை எடுத்து வந்து நிலத்தில் இருந்தார். அவர் யாரையும் தொட விடவில்லை. ஆணிகளை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிக் கழற்றினார். கண்ணாடித் துண்டுகளை விளிம்பில் இருந்து, பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசி எடுப்பது போல மெல்ல மெல்லத் தூக்கினார். ஒரு துண்டு அவருடைய விரலை வெட்டியது. இரத்தம் படத்தில் பட்டுவிடாமல் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தொடர்ந்தார்.

சந்தனமும் புகையும் கண்ணாடியோடு போய்விட்டன. கீழே, அச்சடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே ஒரு முகம். அதை அத்தனை நாளும் கும்பிட்ட நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை. கிரீடமும் நகையும் அவளுக்குச் சம்பந்தமில்லாமல் மேலே இருந்தன. உதட்டுக்குள் சிரிப்பு அப்படியே இருந்தது.

தாய் அழுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். கிரீடத்துக்குக் கீழே, காதோரம் சுருண்டு கிடந்த ஒரு மயிரை விரலால் தடவி ஒதுக்கப் பார்த்தார்.

"நான்தான் அண்டைக்குச் சீப்பால தலை இழுத்து விட்டனான். இது மட்டும் நிக்காது. எப்பவும் இப்படித்தான்" என்றார்.

அழுதது நானும் மாமியும்தான்.

பின்னேரம் ஆகிக்கொண்டிருந்தது. கடைசி லோஞ்சை விட்டால் அவர் அன்றிரவு பட்டினத்தில் எங்கே தங்குவது? எழுந்து நின்றார். படத்தை எடுக்கவில்லை.

"அம்மா, நீங்கள் கையால தர வேண்டாம். பொங்கல் வருகுது, உங்கட வீடு நல்லா இருக்க வேணும். மரத்தடியில கொண்டு போய் வையுங்கோ. நான் பின்னால வந்து எடுக்கிறன்."

அந்தச் சொல்லை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். தேடி அலைந்தது கண் முன்னால் கிடக்கிறது. அதை எடுப்பதற்கு முன் எங்கள் வீட்டின் நன்மையை நினைக்கிறார்.

மாமி எழுந்து அறைக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் நாள், நட்சத்திரம் என்று ஏதாவது தொடங்கப் போகிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த முறை விடுவதில்லை, சண்டை வந்தாலும் வரட்டும், நானே எடுத்துக் கொடுப்பேன் என்று முடிவு செய்துவிட்டேன். மாமி வெளியே வந்தார். கையில் பொங்கலுக்குக் கட்ட வைத்திருந்த புதுச்சேலை. அதை விரித்துப் படத்தை நடுவில் வைத்துச் சுற்றினார். இரண்டு கையாலும் தூக்கினார்.

"தங்கச்சி, இஞ்ச வாங்கோ. வெள்ளிக்கிழமை வீட்டால அனுப்பக்கூடாதது லட்சுமியை. பிள்ளையைத் தாயிட்டைக் குடுக்க நாள் பார்க்கத் தேவையில்லை. பிடியுங்கோ."

அவர் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்போதுதான் அழுதார். மாமி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். அவர் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளைப் பற்றி ஊர் கதைத்தது போதும்.

இறங்குதுறை வரை நானும் போனேன். மறுபடி தூறல் தொடங்கியிருந்தது. லோஞ்சில் இருந்த இடத்தில் அவர் தன் முதுகை மழைக்குக் கொடுத்து, பொதியை மடியில் வைத்துக் குனிந்து இருந்தார். லோஞ்சு திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமி அதற்குப் பிறகும் சட்டங்களை விடவில்லை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டப் போனால் இன்னமும் ஏச்சு விழும். ஆனால் யாராவது அந்தப் படத்துப் பெண் கடலில் விழுந்த கதையை எடுத்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். "அது தயிர் வித்த பிள்ளை. தாய் பக்கத்தில இருக்கத்தான் கீறினது. காய்ச்சலில, தாயின்ர மடியில போனவள்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை. கல்யாண வீட்டிலும் சொன்னார், செத்த வீட்டிலும் சொன்னார். கொஞ்சக் காலத்தில் ஊரில் அந்தப் பழைய கதை என் காதில் விழவே இல்லை.

கழற்றிய சட்டத்தில் எங்கள் கல்யாணப் படம் ஏறியது. அதைத் துடைக்கும் போதெல்லாம், எத்தனை படம் எடுத்து எத்தனையைத் தொலைத்திருக்கிறோம் என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இன்றைக்கும் எந்தச் சாமிப்படத்தின் முன்னால் நின்றாலும், கும்பிடுவதற்கு முதல் அதன் கையைப் பார்க்கிறேன். அந்த விரல்களுக்குள் பூவுக்கு முதல் என்ன இருந்ததோ, எந்தத் தாய் தலை இழுத்து அனுப்பிய பிள்ளையோ என்று நினைத்துவிட்டுத்தான் என் கைகள் குவிகின்றன.