வெள்ளை பூசிய ஜன்னல்

மாலை ஏழு மணி. பென்னாகரத்தில், பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க வந்து நான் தங்கியிருந்த அறைக்கு எதிரே, ஓர் அம்மாள் தெருவில் நின்று தன் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நைட்டிமேல் துண்டு, விரல்களில் வெள்ளைப் பெயிண்ட். அந்த வாரம் தினமும் அப்படித்தான்: உள்ளே விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, வெளியே வந்து நின்று பார்ப்பார்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை என்னைக் கூப்பிட்டார்.

“சார், உள்ள எம்பொண்ணு கைய ஆட்டறா. தெரியுதுங்களா?”

“தெரியலைங்கம்மா.”

“கிட்டப் போயி பாருங்க. ஸ்க்ரீன் காத்துல தூக்குனப்ப எவனோ அவள போன்ல படம் புடிச்சிட்டான். அதுலருந்து லைட்டே போட உடமாட்டேங்கறா. பிளஸ் டூங்க, இருட்டுல எப்படிப் படிப்பா? அதான் கண்ணாடிக்கே பெயிண்ட் அடிச்சிட்டேன். உள்ள அடிச்சா நாத்தம் தாங்காதுன்னு வெளிப்பக்கமா அடிச்சேன்.”

ஜன்னல் கண்ணாடியில் மூக்கு படும்வரை நெருங்கிப் பார்த்தேன். வெள்ளை மட்டுமே தெரிந்தது.

“ஒண்ணுமே தெரியலைங்க.”

“கேட்டியா பாப்பா? பேப்பர்க்கார சாரே சொல்லிட்டாரு. லைட்ட அணைக்காதே, படி.”

அன்று வெகுநேரம் அந்த விளக்கு எரிந்தது.

மறுநாள் காலை பையோடு அந்த வழியாக நடந்தேன். ஜன்னலில், என் கண் உயரத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் சுரண்டப்பட்டிருந்தது.