பங்கு என்று எழுதியவள்

சுதந்திரம் வந்த வருடம் எங்கள் பாம்பன் கரைக்கு வந்த ஓர் அதிகாரி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சனங்களுக்குப் பண்பாடே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பேச்சு எனக்குத் தொண்டையில் முள். அதனால், மனிதர்களின் பண்பாட்டை ஆராய வந்திருப்பதாகப் பஞ்சம்மாள் சொன்னபோது, "இங்கன அது கிடையாது தாயி, மதுரைக்குப் போ" என்றேன்.

அவள் போகவில்லை. கடலாடிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண், வெள்ளாமை செய்கிற குடும்பம். மெட்ராசில் பெரிய படிப்பு. கொண்டையில் பென்சிலைச் செருகிவிட்டு, மறந்துபோய், என்னிடம் பென்சில் கேட்பாள். காயும் கருவாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு தின்பாள். கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கும் கரைவலைக் கயிற்றில் யாருக்குப் பின்னால் யார் நிற்பது, பிறந்த பிள்ளைக்கு யார் பெயர் சொல்வது, எல்லாம் அவளுக்கு வேண்டும்.

"எங்க சண்டையும் பண்பாடா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. யாரு யாரைத் திட்டலாம், யாரைத் திட்டக்கூடாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியுதுல்ல? யாரும் உக்காந்து சொல்லித்தரலையே. அதான்."

ஒரு தவறு செய்தாள். வலை கரையேறியதும் லீமாரோஸ் வந்து, யாரையும் கேட்காமல் ஒரு பெட்டி மீன் அள்ளிக்கொண்டு போவாள். புருசன் கடலோடு போனவன். பஞ்சம்மாள், 'விதவைக்குத் தானம்' என்று எழுதி, சரிதானா என்று உரக்க வாசித்தாள். லீமாரோஸ் பெட்டியை அப்படியே கவிழ்த்தாள்.

"தானமா? நான் என்ன கோயில் வாசல்லயா உக்காந்திருக்கேன்?"

நான்கு நாள் அவள் வரவில்லை. மூன்று பிள்ளைகள், வெறும் கஞ்சி. நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் அதுதான் தானம்.

ஐந்தாம் நாள் பஞ்சம்மாள் அவள் வாசலில் போய் நின்றாள். கூடவே நானும்.

"தெரியாம எழுதிட்டேன்க்கா. அதுக்கு என்ன பேரு, நீங்களே சொல்லுங்க."

"பங்கு. எம்புருசன் நின்ன எடத்துல இன்னும் யாரும் நிக்கல. போய்க் கயித்தைப் பாரு."

வலை இழுக்கையில், அவன் போன நாளிலிருந்து என் கைக்கு முன்னால் இரண்டு முழக் கயிறு ஆள் பிடிக்காமல் காலியாகவே வந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பஞ்சம்மாள் 'தானம்' என்பதை அடித்துவிட்டுப் 'பங்கு' என்று எழுதினாள். மறுநாள் லீமாரோஸ் வந்தாள். பெரிய மீனாகப் பார்த்து அள்ளினாள்.

வேலை முடிந்து பஞ்சம்மாள் ஊருக்குக் கிளம்பினாள். நெத்திலிக் கருவாடு கட்டிக்கொடுத்து ரயிலேற்றினேன். ஜன்னல் வழியாக, தன் விலாசம் எழுதிய கார்டு ஒன்றை நீட்டினாள்.

"அச்சானதும் புத்தகம் அனுப்புறேன்ணே. மெட்ராஸ்ல யாராச்சும் திருத்தி, மறுபடி தானம்னு போட்டிருந்தா, இந்தக் கார்டைத் தபால்ல போடுங்க. ஒண்ணும் எழுத வேணாம், நான் வந்துருவேன்."